இருபதரை கிராம் பிறந்த கதை

ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்புகிற முனை சிங்கப்பெருமாள் கோவில். குன்றைக் குடைந்து அமைந்த சன்னதியில் பாடலாத்ரி நரசிம்மரைச் சேவிக்க வரும் கூட்டம் ஒரு பக்கம். ஷிப்ட் பேருந்துக்குக் காத்திருக்கும் தொழிலாளர் கூட்டம் இன்னொரு பக்கம். திருவண்ணாமலை, விழுப்புரம், ஒடிசா, பிகார், வங்கம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, வாடகை அறையில் நாலைந்து பேராகத் தங்கி, மெஸ் சாப்பாட்டில் நாளை ஓட்டுகிறவர்கள் அவர்கள். கத்திரி வெயிலில் வேலை முடித்துத் தலை சுற்றி வருகிறவரும், அறையில் பேதியோடு சுருண்டு கிடக்கும் நண்பனுக்காக ஓடி வருகிறவரும் மெடிக்கல் கடையில் கேட்பது ஒரே பொருளைத்தான். உள்ளங்கை அளவில், வெள்ளைப் பொடி அடைத்த ஒரு பொட்டலம். வாங்குகிறவரும் விற்கிறவரும் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. உப்பும் சர்க்கரையும்தானே! ஆனால் அந்த இரண்டையும் ஒரே தண்ணீரில் கரைத்து ஒரு நோயாளியின் வாயில் ஊற்றலாம் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன. கடைசியில் ஒரு போர் வெடித்த பிறகே அது நடந்தது.

1831-ல் காலரா இங்கிலாந்தில் நுழைந்தது. அரிசி களைந்த நீர்போல வெளிறிய பேதி, கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். கண் குழிந்து, தோல் சுருங்கி, நாடி மங்கி, காலையில் நடமாடியவர் மாலையில் பிணமாவார். வில்லியம் ஓஷாக்னசி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். தண்ணீரும் உப்பும் வெகுவாகக் குறைந்திருந்தன. போனதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் அதைச் செய்து பார்க்கத் துணிந்தார். சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் ரத்தக்குழாயில் உப்புநீரை ஏற்றினார். முகத்தில் களை திரும்பியது, பேச்சு வந்தது. லாட்டா நிம்மதியாக ஓய்வெடுக்கப் போனார். பேதியோ நிற்கவில்லை. ஏற்றிய நீர் மறுபடி வடிந்து, அவர் திரும்புவதற்குள் மூதாட்டி இறந்திருந்தார்.

அதன் பிறகு சில நோயாளிகள் பிழைத்தார்கள். ஆனால் 1833-ல் லாட்டாவே இறந்துவிட, அவருடைய முறையும் மறக்கப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் செறிவான உப்புநீரை நரம்பில் ஏற்றி, காலரா சாவுகளைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். வழி இருந்தது, அதில் நடக்க வசதிதான் இல்லை. சுத்திகரித்த நீர், கண்ணாடிப் புட்டி, ஊசி, ஏற்றத் தெரிந்த கை - காலரா நுழைகிற குடிசைகளில் இவற்றில் எது இருக்கும்? வாய் வழியாகவே கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழாமல் இல்லை. வெறும் தண்ணீரும் உப்புநீரும் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்ததெல்லாம் கீழே போனது. அதற்கு ஒரு விளக்கமும் கைவசம் இருந்தது. பேதியில் மிதக்கும் வெள்ளைத் துணுக்குகள் உரிந்து விழுந்த குடல் தோல் என்றார்கள். தோல் உரிந்த குடல் எதையும் உறிஞ்சாது. ஆகவே அதற்கு ஓய்வு கொடு, பட்டினி போடு என்றது பாடப்புத்தகம். நம் ஊர்ப் பெரியவர்கள் ‘வயித்தக் காயப்போடு’ என்று சொன்னதும் இதையேதான். இந்த நம்பிக்கைமீது முதல் கல்லை எறிந்தவர் ஒரு வங்காளி. அவர் கையில் இருந்தது, நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் ஒரு பச்சிலை.

ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி கல்கத்தா மருத்துவர். 1953-ல் லான்செட் இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. காலரா நோயாளிகளுக்கு முதலில் வாந்தியை நிறுத்த மருந்து கொடுத்தார். பேதிக்குக் கற்பூரவல்லிச் சாறு. சளிக்கு நாம் பிழிந்து கொடுக்கிற அதே இலைதான். அதோடு, ஒரு லிட்டர் தண்ணீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோஸும் கரைத்துக் குடிக்க வைத்தார். கடுமை குறைந்த நோயாளிகள் 186 பேர் நரம்பில் ஊசி ஏறாமலே தேறினார்கள். இன்றைய பொட்டலத்தின் இரண்டு முக்கியப் பொருள்களும் 1953-லேயே ஒரே குவளையில் சேர்ந்துவிட்டன! ஆனாலும் உலகம் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போய்விட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நோயாளிக் குழுவை அவர் வைத்திருக்கவில்லை. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்ற கணக்கும் அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் வேலை செய்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. சாட்டர்ஜிக்கு அன்றைக்குக் கிடைத்திருக்க வேண்டிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது இந்தக் கதையில் உண்மையாகவே வலிக்கிற இடம். அவர் விட்டுப்போன ‘ஏன்’ என்ற கேள்வி, அதே நகரத்தில் ஒரு முயலின் வயிற்றில் காத்துக்கொண்டிருந்தது.

அந்த முயலைத் தேடிப் போனவர் சம்புநாத் தே. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் கட்டி, உள்ளே காலராக் கிருமியைச் செலுத்தினார். கட்டிய துண்டு நீரால் உப்பியது. பிறகு கிருமிகளை முழுக்க வடிகட்டிவிட்டு, அவை வளர்ந்த சாற்றை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது. ஆக, குடலைக் கிருமி தின்னவில்லை; கிருமி கக்குகிற ஒரு நச்சு, குடலை நீர் சுரக்க வைக்கிறது. 1959-ல் நேச்சர் இதழ் இதை வெளியிட்டது. நச்சு சுரக்க வைக்கிறது என்றால், குடல் தோல் உரிந்துபோகிறது என்ற பழைய கதை என்ன ஆகும்? உயிரோடு இருக்கும் காலரா நோயாளியின் குடலுக்குள் இறங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு ஒரு கருவி அப்போதுதான் வந்திருந்தது.

வில்லியம் கிராஸ்பி என்ற அமெரிக்க ராணுவ மருத்துவரின் காப்ஸ்யூல் அது. நோயாளி விழுங்க வேண்டும். மெல்லிய குழாயின் முனையில் அது சிறுகுடல்வரை இறங்கும். வெளியிலிருந்து காற்றை உறிஞ்சினால், உள்ளிருக்கும் குட்டிக் கத்தி சுழன்று, கடுகளவு குடல் தோலை வெட்டி எடுத்துக்கொள்ளும். யூஜின் காங்கரோசாவும் தோழர்களும் இந்த முறையைப் பாங்காக்கில் பரவிய காலராவின்போது கையாண்டார்கள். துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தார்கள். உரிந்துபோனதாக நூறாண்டு காலம் நம்பப்பட்ட தோல், அங்கே முழுசாக இருந்தது.

அந்தத் தோல் முழுசாக இருந்ததற்கு என்ன பொருள் என்று தெரிய, அது அன்றாடம் பார்க்கிற வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம். அதன் உட்புறம் முழுக்க ஒரு மில்லிமீட்டர்கூட உயராத குடலுறிஞ்சிகள் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் உறிஞ்சும் செல்கள். ஒவ்வொரு செல்லின் மேல்விளிம்பிலும் இன்னும் நுண்ணிய மயிரிழைகள். இட்லியின் மாவுச்சத்தை உமிழ்நீரும் கணையநீரும் உடைத்துக்கொண்டே வரும். கடைசி வெட்டு இந்தச் செல்விளிம்பில் விழுந்து, அது குளுக்கோஸாகிறது. சாம்பாரில் இருக்கும் பருப்பின் புரதம் அமினோ அமிலங்களாகிறது. கொழுப்பு கரைய ஈரலின் பித்தநீர் வேண்டும். ஃபோலிக் அமிலம் சிறுகுடலின் மேற்பகுதியில் ஏறும். பி12 வைட்டமின் கடைக்கோடியில்தான் ஏறும். இந்த வரிசையில் எங்கே அறுந்தாலும் உறிஞ்சற்குறை நோய்தான். கணையம் சுரக்காவிட்டால் கொழுப்பு மலத்தோடு மிதக்கும். பால் சர்க்கரையை வெட்டும் நொதி குறைந்தவருக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும். குடலுறிஞ்சிகளே மழுங்கிப்போனால், எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு தேயும். இத்தனைக்கும் நடுவே சத்தமில்லாமல் நடக்கிற பெரிய வேலை தண்ணீருடையது. குடிக்கிற இரண்டு லிட்டரோடு உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது லிட்டர் இந்தக் குழாயில் இறங்குகிறது. மலத்தோடு வெளியேறுவது நூறு, இருநூறு மில்லிதான். மீதியெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது. அப்படியென்றால், தோல் முழுசாக இருக்கும் காலரா நோயாளி குடித்த உப்புநீர் மட்டும் ஏன் ரத்தத்துக்குப் போகவில்லை?

விடை 1960 ஆகஸ்டில், பிராக் நகரத்தில் நடந்த அறிவியல் கூட்டத்தில், ஒரு கோட்டோவியமாக வந்தது. வரைந்தவர் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர். காலராவைப் பற்றி அவர் நினைத்திருக்கவில்லை. குளுக்கோஸ் எப்படிக் குடல் செல்லுக்குள் நுழைகிறது என்பதே அவருடைய கேள்வி. வங்கி லாக்கரைத் திறக்க வாடிக்கையாளர் சாவியும் வேண்டும், வங்கியின் சாவியும் வேண்டும். அதுபோலவே, குடல் செல்லின் ஒரு வாசல், சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாக வந்தால் மட்டுமே திறக்கிறது என்றார் அவர். இரண்டும் உள்ளே போனதும் தண்ணீர் பின்தொடர்கிறது. உப்பு தனியாக வந்ததால் வாசல் திறக்கவில்லை. சர்க்கரையும் சேர்ந்து வந்த சாட்டர்ஜியின் குவளைக்குத் திறந்தது. காலரா நச்சு குடலின் வேறொரு மடையைத் திறந்துவிடுகிறதே தவிர, இந்த வாசலைத் தொடுவதில்லை என்பது பிறகு தெளிவானது. ஆனால் கிரேனின் ஓவியம் உயிர்வேதியியலாளர்களோடு நின்றுவிட்டது. காலரா வார்டுக்கு அது வந்துசேரச் சில ஆண்டுகள் ஆகின. அந்த இடைவெளியில், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மேற்கே, வேலூரில் அதே காப்ஸ்யூல் வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்தது.

1960 வாக்கில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஒரு வினோதமான பேதி பரவியது. காலராபோல ஒரே நாளில் கொல்லாது; வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுக்கும். நாக்கு புண்ணாகும், சோகை பிடிக்கும், கால் வீங்கும், உடம்பு எலும்பும் தோலுமாகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் குழுவினரும் கிராமம் கிராமமாகப் போனார்கள். காப்ஸ்யூல் கொண்டுவந்த துணுக்கில், பாங்காக் நோயாளிகளிடம் இருந்ததற்கு நேர்மாறான காட்சி. குடலுறிஞ்சிகள் குட்டையாகி, மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கொழுப்பு ஏறவில்லை, பி12 ஏறவில்லை, ஃபோலிக் அமிலம் ஏறவில்லை. வெப்பமண்டல ஸ்புரூ என்று மருத்துவ நூல்கள் அழைக்கும் நோய் இது. ஃபோலிக் அமிலமும் பி12-ம் டெட்ராசைக்ளினும் பலரைக் காப்பாற்றின. இதற்கு இன்ன கிருமிதான் காரணம் என்று இன்றுவரை யாராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. வேலூர்க் குழுவை அதைவிட உலுக்கியது இன்னொன்று. நோயே இல்லாத, வயலில் வேலை செய்துகொண்டிருந்த கிராமத்தாரின் குடலிலும் உறிஞ்சிகள் ஓரளவு மழுங்கியிருந்தன. அசுத்தமான தண்ணீரோடும் சுற்றுப்புறத்தோடும் வாழும் குடல், நோய் என்று பெயர் சூட்டாமலே தன் திறனில் ஒரு பங்கை இழந்துகொண்டிருந்தது. ஆக, பேதிகளில் இரண்டு சாதி. ஒன்றில் சுவரே பழுது. இன்னொன்றில் சுவர் திடம், நீர்தான் கொட்டுகிறது. இரண்டாவதற்கு வாய்வழி மருந்து சாத்தியம் என்று காகிதத்தில் நிரூபணமாகிவிட்டது. ஆனால் அதை வார்டில் முயன்ற முதல் பெரிய மனிதர், தன் வாழ்நாளின் பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தார்.

ராபர்ட் பிலிப்ஸ், அமெரிக்கக் கடற்படை மருத்துவர். காலராவுக்கு நரம்புவழி சிகிச்சையைக் கணக்குப் பிசகாமல் செய்து, சாவை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிக் காட்டியவர். 1962-ல் பிலிப்பைன்ஸில், உப்புக் கரைசலில் குளுக்கோஸைச் சேர்த்ததும் நோயாளிகளின் குடல் அதை உறிஞ்சுவதைப் பார்த்தார். கைக்கெட்டிய வெற்றி! உற்சாகத்தோடு அடுத்த சுற்று நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிலர் இறந்துபோனார்கள். கரைசலின் செறிவு மிகையாக இருந்தது. மனம் உடைந்த பிலிப்ஸ் சோதனையை நிறுத்தினார். 1965-ல் அவர் டாக்காவில் இருந்த காலரா ஆய்வுக்கூடத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். வாய்வழிக் கரைசல் என்று யாராவது பேச்செடுத்தாலே தயங்கினார். இளைஞர்கள் எதை முயல விரும்பினாலும், அவருடைய பழைய வடுவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும் அப்படிப்பட்ட இளைஞர்கள். இருபதுகளின் நடுவில் இருந்த அமெரிக்க மருத்துவர்கள். சிட்டகாங் பகுதியில் நடந்த முதல் முயற்சி சரியாக அமையவில்லை. ஏடுகளைப் புரட்டியபோது நலினுக்குக் காரணம் பிடிபட்டது. எல்லாருக்கும் ஒரே கணக்கில் கரைசல் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் போன அளவு வேறு. எவ்வளவு போகிறதோ அவ்வளவு கொடு! டாக்காவில், மருத்துவமனைக்குள்ளேயே, கண் கொத்திப் பாம்பாகக் கவனிப்பதானால் செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது. காலராக் கட்டிலில் நடுவே ஒரு துளை. அடியில் அளவு குறித்த வாளி. இருவரும் முறைவைத்து இரவும் பகலும் கட்டிலருகே இருந்தார்கள். வாளியில் ஏறியதை அளந்து, அதே அளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். 29 நோயாளிகள். அவர்களுக்குத் தேவைப்பட்ட நரம்புவழி நீர் எண்பது விழுக்காடு குறைந்தது. 1968 ஆகஸ்டில் லான்செட் அதை வெளியிட்டது. கல்கத்தாவிலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மையத்துக் குழு இதே முடிவை எட்டியிருந்தது. ஆனாலும் மருத்துவ உலகம் ஒரு முட்டுக்கட்டை வைத்திருந்தது. வாளியும் அளவும் மருத்துவரும் அருகில் இருக்கிற வார்டில் சரி; எழுதப்படிக்கத் தெரியாத தாயின் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு விடை தேடும் துணிவு எவருக்கும் வரவில்லை, 1971 வரும்வரை.

வங்கதேச விடுதலைப் போர். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தார்கள். மழைக்காலம். கூடாரம் இல்லை, கழிப்பிடம் இல்லை, குடிநீர் இல்லை. காலரா வந்தது. எல்லையோர ஊரான பன்காவில் இருந்த மருத்துவமனையில், காலராவுக்கென்று இரண்டு அறைகள், பதினாறு கட்டில். தரையெல்லாம் நோயாளிகள். கல்கத்தாவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மையத்திலிருந்து அங்கே போனவர் திலீப் மஹலனாபிஸ், 36 வயதுக் குழந்தை மருத்துவர். பேதியிலும் வாந்தியிலும் முழந்தாளிட்டே நரம்பில் ஊசி குத்த வேண்டிய நிலை. சில நாளில் நரம்புவழி நீர்ப் புட்டிகள் தீர்ந்துகொண்டு வந்தன. வரிசையோ குறையவில்லை. முறைப்படி செய்யக்கூடியது ஒன்றும் மிச்சமில்லை என்ற நிலையில், செய்யக்கூடாது என்று எல்லாரும் சொன்னதை அவர் செய்தார்.

கல்கத்தாவில் அவர்களுடைய மையத்தின் நூலகம் பொட்டலம் கட்டும் கூடமானது. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. எல்லாம் சந்தையில் சல்லிசாகக் கிடைப்பவை. எடைபோட்டு, பாலித்தீன் பையில் கொட்டி, சூடான இரும்பால் வாயை ஒட்டினார்கள். பன்காவில் அதை டிரம்களில் கரைத்து, அடியில் குழாய் வைத்தார்கள். தாய், அண்ணன், பாட்டி என்று கூட வந்தவர்கள் கையில் குவளையைக் கொடுத்து, தாகம் இருக்கும்வரை ஊட்டச் சொன்னார்கள். வாளி இல்லை, அளவு இல்லை, தாகமே அளவு. மஹலனாபிஸ் தூங்காமல் கணக்கு வைத்தார். எட்டு வாரத்தில் 3,700 நோயாளிகள். சிகிச்சை சரியாகக் கிடைக்காத முகாம்களில் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த நோயில், இங்கே இறந்தவர்கள் 3.6 விழுக்காடு. காப்பாற்றியவர்கள், மருத்துவம் படிக்காத தாய்மார்கள். நூலகத்தில் இரும்பால் ஒட்டிய அந்தப் பைதான், ஓ.ஆர்.எஸ். எனும் வாய்வழி நீரேற்ற உப்புப் பொட்டலத்தின் முதல் பிறவி.

இவ்வளவுக்குப் பிறகும் கதவு சுலபமாகத் திறக்கவில்லை. போர் நெருக்கடியில், ஒப்பீட்டுக் குழு இல்லாமல் செய்தது என்று பெரிய இதழ்கள் தள்ளின. 1973-ல்தான் கட்டுரை அச்சேறியது. முகாமுக்கு நேரில் வந்து பார்த்த உலகச் சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா மட்டும் விடவில்லை. ஜெனீவாவில் தொடர்ந்து வாதாடினார். போரின்போதே வங்கதேசத்தின் ரகசிய வானொலி கரைசலின் செய்முறையை ஒலிபரப்பியிருந்தது. 1978-ல் உலகச் சுகாதார நிறுவனம் பேதிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு லான்செட் தலையங்கம், குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து போகும் இந்தக் கண்டுபிடிப்பு நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று கணித்தது. பொட்டலத்துக்கு மட்டும் ஒரு சங்கடம் வந்தது. நம்மைப்போன்ற ஈரக்காற்று நாடுகளில் சோடா உப்பு குளுக்கோஸோடு சேர்ந்து கட்டிதட்டியது, பழுப்பேறியது. 1980-களில் சோடாவை எடுத்துவிட்டு, சிட்ரேட் உப்பைப் போட்டார்கள். பொடி பல ஆண்டுகளுக்குக் கெடாமல் நின்றது. சரி, முடிந்தது என்று நினைத்த வேளையில் வேலூர் மறுபடி கதைக்குள் வந்தது.

ஓ.ஆர்.எஸ். உயிரைக் காத்தது, பேதியை நிறுத்தவில்லை. அதனால் பல தாய்மார்கள் ‘இது வேலை செய்யல, குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று கிளினிக்கில் நின்றார்கள். இன்றும் நிற்கிறார்கள். பேதியையும் குறைக்க வழி உண்டா என்று வேலூரில் தேடிய பி.எஸ். ராமகிருஷ்ணாவும் தோழர்களும் எல்லாரும் மறந்த பெருங்குடலைத் திரும்பிப் பார்த்தார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்து பெருங்குடலுக்கு வந்தால், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அவை உறிஞ்சப்படும்போது சோடியத்தையும் நீரையும் கூடவே இழுத்துக்கொள்ளும். காலரா நோயாளிகள் 48 பேர், மூன்று குழு. ஒன்றுக்கு வழக்கமான கரைசல், ஒன்றுக்கு அரிசிமாவு சேர்த்தது, ஒன்றுக்குச் செரிக்காத மக்காச்சோள மாவு சேர்த்தது. மூன்றாவது குழுவுக்குப் பேதியும் குறைந்தது, சீக்கிரமும் நின்றது. 2000-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. உப்புப் போட்ட கஞ்சியை வயிற்றுப்போக்குக்குக் கொடுத்துவந்த நம் பாட்டிமார், பட்டினி போடச் சொன்ன பாடப்புத்தகத்தைவிட உண்மைக்கு நெருக்கமாகவே இருந்திருக்கிறார்கள். ஆயினும் அந்த மாவு பொட்டலத்துக்குள் நுழையவில்லை. நுழைந்தது வேறொரு மாற்றம்.

பழைய கரைசல் கொஞ்சம் கனம் என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சந்தேகப்பட்டார்கள். செறிவு மிகுந்தால் குடல் நீரை உறிஞ்சுவதற்குப் பதில், நீர் குடலுக்குள் இழுபடும். மணிலாவில் பிலிப்ஸின் சோதனை தடுமாறியதும் செறிவில்தான். 2002-ல் உலகச் சுகாதார நிறுவனம் உப்பையும் சர்க்கரையையும் குறைத்தது. அதன் பழைய பொட்டலத்தில் 20 கிராமாக இருந்த குளுக்கோஸ் 13.5-க்கு இறங்கியது, உப்பு 3.5-லிருந்து 2.6-க்கு. பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. கூட்டினால் 20.5 கிராம். புதிய கரைசல் குடித்த குழந்தைகளில், நரம்பில் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பொட்டலத்தின் எடை அன்று இறுதியானது. ஆனால் அதன் பெயருக்கு ஆபத்து பின்னால் வந்தது.

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பி, பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். விடுதியும் மெஸ்ஸும் தண்ணீர் லாரியும் நம்பி வாழ்கிற இந்தத் தொழில் வட்டாரத்தில், வயிற்றுப்போக்கு ஒரு பழங்கதை இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் கடைக்கு ஓடுகிறவர் கண்ணில் பொட்டலத்துக்கு முன்னால் வண்ண அட்டை டப்பாக்கள் பட்டன. பெயரில் ஓ.ஆர்.எஸ்., உள்ளே பழச்சுவைச் சர்க்கரைப் பானம். அதில் இருந்த சர்க்கரை, உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் அனுமதிப்பதைவிடப் பல மடங்கு. சாவி ஒன்று மிகையாகவும் மற்றொன்று குறைவாகவும் இருக்க, ஏறாத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் ஒருவர் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம், சூத்திரத்துக்கு உட்படாத எந்தப் பானமும் தன் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று ஆணையிட்டது.

அதற்குள் மஹலனாபிஸ் இல்லை. 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். மூன்று மாதம் கழித்து, 2023 குடியரசு நாளை ஒட்டி, பத்ம விபூஷண் அறிவிப்பில் அவர் பெயர் வந்தது. தன் கரைசலுக்கு அவர் காப்புரிமை கோரவே இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் மெடிக்கல் கடையிலும் சில ரூபாய்க்கு அது கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னும் அடிக்கடி நடக்கிற தவறு ஒன்றே ஒன்று: அவசரத்தில் முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவது. அப்படிக் கலக்கினால் செறிவு ஐந்து மடங்காகும்; மருந்தே பேதியைக் கூட்டிவிடும். இருபதரை கிராம் பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட்டு அடுத்த பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.